சீம்பாலின் எதிர்ப்பொருள் கன்றின் இரத்தத்துக்குள் முழுதாகப் போவது எப்படி?

கேள்வி: மாலைவகுப்பு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத்தில் உயிரியல் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் செரிமானப் பாடம் நடந்தபோது, புரதம் எதுவானாலும் அமினோ அமிலங்களாக உடைந்த பிறகுதான் குடலால் உறிஞ்சப்படும் என்று வழக்கம்போலச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "எங்கள் வீட்டுப் பசு போன மாதம் கன்று ஈன்றது சார். வந்த கால்நடை மருத்துவர், உடனே சீம்பால் கொடுங்கள், அதில் இருக்கிற எதிர்ப்பொருள்தான் கன்றைக் காப்பாற்றும் என்றார். எதிர்ப்பொருளும் புரதம்தானே? உடைந்தால் அது வெறும் அமினோ அமிலம், உடையாவிட்டால் உள்ளே போகாது. அப்புறம் எப்படிக் காப்பாற்றும்?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் சொல்கிறேன் என்று கூறிவிட்டு வீட்டுக்கு வந்து பாடநூலைப் புரட்டினேன். செல் சவ்வு பற்றிய பகுதியில், பெரிய மூலக்கூறுகள் எண்டோசைட்டோசிஸ் முறையில் உள்ளே எடுக்கப்படுகின்றன, எக்சோசைட்டோசிஸ் முறையில் வெளியேற்றப்படுகின்றன என்று ஒரு பத்தியும், சவ்வு குழிந்து பையாவதைக் காட்டும் ஒரு படமும் இருந்தன. பத்தாண்டுகளாக அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து வருகிறேன். ஆனால் அதைச் செரிமானப் பாடத்தோடு சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

என் ஐயங்கள் இவை. எதிர்ப்பொருள் குடற்செல்லின் சவ்வை எப்படித் தாண்டுகிறது? செல்லுக்குள் போய்விட்டால் அங்கிருந்து இரத்தத்துக்கு வர இன்னொரு பக்கத்துச் சவ்வையும் தாண்ட வேண்டுமே, அது எப்படி நடக்கிறது? கன்றுக்கு இயலும் இந்தக் காரியம் மனிதக் குழந்தைக்கும் இயலுமா? பாடநூல் அளவில் இல்லாமல் சற்று விரிவாகவே யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


மறுமொழி 1: நுண்ணோக்கி

உங்கள் மாணவியின் கேள்வி, நான் கல்லூரியில் செல் உயிரியல் நடத்தும்போது முதுநிலை மாணவர்கள்கூடக் கேட்காத கேள்வி. அவளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180 டால்டன். ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளின் எடை ஏறத்தாழ 1,50,000 டால்டன், அதாவது எண்ணூறு மடங்குக்கும் மேல். செல் சவ்வின் கொழுப்பு இரட்டை அடுக்கு ஏறக்குறைய 5 நானோமீட்டர் தடிமன் கொண்டது. எதிர்ப்பொருளோ ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 10 நானோமீட்டருக்குக் குறையாது. சுவரின் தடிமனைவிட உள்ளே வரவேண்டிய சாமானின் அகலம் அதிகம். குளுக்கோஸைக் கடத்துவது போன்ற கடத்திப் புரதம் ஒன்றை இதற்காக அமைத்தால், அது திறக்கும் ஒவ்வொரு முறையும் செல்லின் அயனிகளெல்லாம் வெளியே கொட்டிவிடும். ஆகவே செல் அந்த வழிக்கே போவதில்லை.

அப்படியானால் அது சவ்வை எப்படித் தாண்டுகிறது என்றால், தாண்டுவதே இல்லை என்பதுதான் விடை. விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு மஞ்சள்பையை எடுத்துக்கொள்ளுங்கள். பையின் வெளிப்பக்கத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்து, விரலால் துணியோடு சேர்த்து உட்பக்கமாகத் தள்ளுங்கள். பிறகு பைக்குள் கையை விட்டு, கொட்டையைச் சூழ்ந்த துணியின் கழுத்தை உள்ளிருந்து நூலால் இறுக்கிக் கட்டுங்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர்கள் துணியைக் கிள்ளிக் கட்டுவார்களே, அதே வேலைதான். இப்போது கொட்டை பைக்குள் இருக்கிறது. ஆனால் அது தொட்டுக்கொண்டிருப்பது பையின் வெளிப்புறத் துணியைத்தான். துணியில் ஓர் ஓட்டை விழவில்லை, ஓர் இழைகூட அறுபடவில்லை. செல்லில் இந்த முடிச்சு அறுந்து தனிப்பையாகிவிடுகிறது, அறுந்த இடத்தில் இரண்டு பக்கமும் சவ்வு தானே ஒட்டிக்கொள்கிறது என்பது மட்டும்தான் வேறுபாடு. ஆக, நுண்பையின் உட்புறம் என்று நாம் சொல்வது செல்லின் கணக்கில் இன்னும் வெளியிடம்தான். சவ்வுப் புரதங்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் செல்லின் வெளிப்பரப்பில் வெளிநோக்கி இருப்பதும், அதே புரதங்கள் நுண்பையில் இருக்கும்போது பையின் உட்புறம் நோக்கி இருப்பதும் இதற்குக் கண்ணால் காணத்தக்க சான்று.

இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் இரண்டாவது ஐயம் தானே தீர்ந்துவிடும். குடற்செல்லின் மேல்விளிம்பில் உண்டான பை செல்லின் உடலுக்குள் பயணம் செய்து, அடிப்பக்கச் சவ்வோடு இணைந்து திறந்துகொள்கிறது. உள்ளே இருந்தது மறுபக்கம் கொட்டப்படுகிறது. எண்டோசைட்டோசிஸில் தொடங்கி எக்சோசைட்டோசிஸில் முடியும் இந்தப் பயணத்துக்கு டிரான்ஸ்சைட்டோசிஸ் என்று பெயர். செல்லின் சைட்டோபிளாசத்தோடு எதிர்ப்பொருளுக்கு ஒரு கணமும் தொடர்பு ஏற்படுவதில்லை.

பை எப்படி உண்டாகிறது என்பதில் பல வகைகள் உண்டு. அவற்றில் மிக நன்றாக ஆராயப்பட்டது கிளாத்ரின் என்ற புரதத்தைக் கொண்டு நடப்பது. 1964-இல் ராத், போர்ட்டர் என்ற இருவர் ஏடிஸ் கொசுவின் கருமுட்டைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இரத்தம் குடித்த கொசுவின் முட்டைச் செல் மஞ்சள்கருப் புரதத்தை மிகுந்த வேகத்தில் உள்ளே இழுக்கிறது. அப்போது சவ்வில் குழிகள் தோன்றுவதையும், ஒவ்வொரு குழியின் சைட்டோபிளாசப் பக்கத்திலும் தூரிகை மயிர் போன்ற ஒரு பூச்சு இருப்பதையும் அவர்கள் விவரித்தார்கள். அந்தப் பூச்சை 1975-இல் பன்றி மூளையிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்தவர் பார்பரா பியர்ஸ். மூன்று கால்கள் கொண்ட கிளாத்ரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கூடை முடைந்தாற்போல் சவ்வைச் சூழ்கின்றன. குழியின் கழுத்தை இறுக்கி அறுப்பது டைனமின் என்ற வேறொரு புரதம். அது கழுத்தைச் சுற்றிச் சுருளாக அமைந்து, ஜி.டி.பி. (GTP) மூலக்கூறை உடைத்துப் பெறும் ஆற்றலால் அறுக்கிறது.

டைனமின் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பழ ஈக்கள் காட்டிக்கொடுத்தன. ஷிபிரே என்று பெயரிடப்பட்ட ஒரு திடீர்மாற்ற வகை ஈயைச் சுமார் 30 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், அது அப்படியே முடங்கி விழுந்துவிடும். வெப்பத்தைக் குறைத்தால் எழுந்து நடக்கும். அந்த ஈயில் டைனமின் வெப்பம் தாங்காது. நரம்பு முனைகளில் நுண்பைகள் வெளியே கொட்டிய பிறகு அவற்றின் சவ்வைத் திரும்ப உள்ளே எடுக்க இயலாமல், அறுபடாத கழுத்துகளோடு குழிகள் வரிசையாக நின்றுவிடுகின்றன. புதுப் பைகள் இல்லாததால் நரம்புச் செய்தியும் நின்றுபோகிறது. வகுப்பில் சொல்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு இது.

மனிதக் குழந்தை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மனிதரில் இந்த வேலை பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே, நஞ்சுக்கொடியில் முடிந்துவிடுகிறது. தாயின் இரத்தத்தை ஒட்டியிருக்கும் செல் படலம் தாயின் இரத்தத் திரவத்தை மொத்தமாகப் பருகுகிறது. உட்சென்ற பைகளின் உட்புறம் அமிலமாகிறது. அந்தப் பைகளின் சவ்வில் எஃப்.சி.ஆர்.என். என்றொரு ஏற்பி இருக்கிறது. அது பி.எச். மதிப்பு 6-ஐ ஒட்டி இருக்கும்போது எதிர்ப்பொருளை இறுகப் பிடிக்கும், இரத்தத்தின் 7.4-இல் கைவிட்டுவிடும். ஆகவே அமிலப் பையில் பிடித்து, கருவின் பக்கம் போய்ப் பை திறந்து நடுநிலை நீரைத் தொட்டவுடன் விட்டுவிடுகிறது. ஏற்றுவதையும் இறக்குவதையும் அமிலத்தன்மை ஒன்றே தீர்மானிக்கிறது. இத்தகைய ஏற்பி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று 1958-லேயே ஊகித்தவர் வேல்ஸ் நாட்டின் பேங்கரில் பணியாற்றிய பிராம்பெல். அதன் மரபணு கைக்கு வந்தது 1989-இல்தான். உரிய காலத்தில் பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. அளவு தாயின் அளவுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருப்பதற்கு இதுவே காரணம். இந்தக் கடத்தலின் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில் நடப்பதால், மிக முன்னதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சேமிப்பு குறைவாகவே கிடைக்கிறது.

கன்றின் கதை வேறு. அதைக் களத்தில் இருப்பவர்கள் சொன்னால்தான் பொருத்தமாக இருக்கும்.


மறுமொழி 2: தொழுவத்துமருத்துவன்

நுண்ணோக்கி ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் கால்நடை மருத்துவன். சீம்பாலைப் பற்றிப் பேசாத வாரமே எனக்கு இல்லை.

பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் நஞ்சுக்கொடி அமைப்பில் தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் நடுவே திசு அடுக்குகள் அதிகம். எதிர்ப்பொருள் அவற்றைக் கடந்து போவதில்லை. எனவே கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். அதற்கு ஈடாகத்தான் தாய் தன் எதிர்ப்பொருளை மடியில் சேர்த்து வைக்கிறது. ஈனுவதற்கு முந்தைய கடைசிச் சில வாரங்களில், பசுவின் இரத்தத்திலிருந்து ஐ.ஜி.ஜி.1 என்ற வகை மடியின் சுரப்புச் செல்கள் வழியாகச் சீம்பாலுக்குக் கடத்தப்படுகிறது. அதுவும் முன்னவர் சொன்ன அதே டிரான்ஸ்சைட்டோசிஸ்தான். ஆக ஓர் எதிர்ப்பொருள் மூலக்கூறு தாயின் மடியில் ஒரு செல்லையும் கன்றின் குடலில் ஒரு செல்லையும் ஊடுருவிச் செல்கிறது, இரண்டு முறையும் பைக்குள் உட்கார்ந்தபடியே.

நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் ஐ.ஜி.ஜி. இருக்க வேண்டும் என்பது எங்கள் அளவுகோல். சாதாரணப் பாலில் மொத்தப் புரதமே லிட்டருக்கு முப்பது சொச்சம் கிராம்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்தால் கட்டியாக உறைந்து, கத்தியால் வெட்டித் தட்டில் வைக்கும் அளவுக்கு வருகிறதே, அப்படி உறைவதில் பெரும்பங்கு இந்த எதிர்ப்பொருள்களுக்கு உண்டு. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கன்றுக்கு மிச்சத்தை விடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கன்று குடித்து மிஞ்சியதைத்தான் நாம் தின்ன வேண்டும்.

கன்றின் குடலுக்கு வருகிறேன். பிறந்தவுடன் அதன் சிறுகுடலின் மேற்பரப்புச் செல்கள் குழல்களும் பைகளுமாக நிறைந்திருக்கும். எதிரில் இருக்கும் நீரை, அதில் கரைந்துள்ள எதுவானாலும் சரி, வகைபிரிக்காமல் பருகும். பருகியதைப் பைகளில் ஏந்தி அடிப்பக்கம் கொட்டும். அங்கிருந்து நிணநீர் நாளங்கள் வழியாக இரத்தத்தை அடையும். வயிற்றின் அமிலமும் செரிப்பு நொதிகளும் அந்த முதல் நாளில் இன்னும் முழுவீச்சில் இயங்கத் தொடங்கவில்லை. போதாததற்குச் சீம்பாலிலேயே டிரிப்சின் என்ற செரிப்பு நொதியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. உங்கள் மாணவி சொன்ன "உடைந்தால் பயனில்லை" என்ற இக்கட்டுக்கு இயற்கை இப்படி இரண்டு பக்கமும் காவல் வைத்திருக்கிறது.

ஆனால் இந்தத் திறன் மணிக்கு மணி குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கொடுக்கும் சீம்பால் உணவாகும், குடலுக்குள் ஓரளவு பாதுகாப்பும் தரும், இரத்தத்துக்குப் போகாது. அதனால்தான் பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி, முதல் நாளுக்குள் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவாவது கொடுக்கச் சொல்கிறோம். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். நஞ்சு விழுந்த பிறகுதான் பால் கறக்க வேண்டும் என்று காத்திருக்கும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. விழ எட்டு மணி நேரம் ஆனால், கன்றின் வாய்ப்பில் பெரும்பகுதி அந்த எட்டு மணி நேரத்திலேயே போய்விடும். ஒருநாள் கழித்துக் கன்றின் சீரத்தைச் சோதிக்கும்போது லிட்டருக்கு 10 கிராம் ஐ.ஜி.ஜி.கூட இல்லாவிட்டால், தாயின் பாதுகாப்பு அதற்கு வந்து சேரவில்லை என்று முடிவு செய்கிறோம். அத்தகைய கன்று கழிச்சலுக்கும் நுரையீரல் அழற்சிக்கும் எளிதில் பலியாகும்.

வகைபிரிக்காமல் பருகுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அழுக்கு மடியைக் கழுவாமல் ஊட்டவிட்டால் நுண்ணுயிர்களும் அதே வழியில் நுழையக்கூடும். மடியைக் கழுவிவிட்டு ஊட்டவிடுவது இதற்காகத்தான்.


மாலைவகுப்பு (கேள்வி கேட்டவர்)

இரண்டு ஐயாக்களுக்கும் மிக்க நன்றி. மஞ்சள்பையும் புளியங்கொட்டையும் நாளை வகுப்புக்கு வந்துவிடும்.

படித்தவுடன் இன்னொரு குழப்பம் எழுகிறது. எண்டோசைட்டோசிஸில் உண்டாகும் பை லைசோசோமோடு இணைந்து, உள்ளே இருப்பது செரிக்கப்படும் என்றுதான் பாடநூலில் படம் இருக்கிறது. எதிர்ப்பொருள் ஏறிய பை மட்டும் ஏன் லைசோசோமுக்குப் போகவில்லை? எந்தப் பை எங்கே போக வேண்டும் என்பதைச் செல் எப்படி முடிவு செய்கிறது? பெரியவர்களின் குடலும் பருகும் என்றால், இன்சுலினை ஏன் மாத்திரையாக விழுங்க முடிவதில்லை?


மறுமொழி 3: நுண்ணோக்கி

பாடநூல் படம் தவறில்லை. பருகப்பட்ட பொருளுக்கு வேறு ஏற்பாடு எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் அது போய்ச் சேருமிடம் லைசோசோம்தான். அந்த ஓட்டத்திலிருந்து விலக்கி எடுக்க யாராவது கைபிடிக்க வேண்டும். எஃப்.சி.ஆர்.என். செய்வது அதைத்தான். நம் இரத்தக் குழாய்களின் உட்செல்கள் நாள்தோறும் இரத்தத்தைப் பருகிக்கொண்டே இருக்கின்றன. பருகியதில் எதிர்ப்பொருளும் அல்புமினும் அந்த ஏற்பியின் பிடியில் திரும்ப வெளியே வந்துவிடுகின்றன, மற்றப் புரதங்கள் லைசோசோமில் அழிகின்றன. ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளின் அரை ஆயுள் ஏறத்தாழ மூன்று வாரங்கள் என்ற அளவுக்கு நீண்டிருப்பதற்குக் காரணம் இதுவே. பிறந்த கன்றின் குடற்செல்லிலோ நிலைமை வேறு. அங்கே சில மணி நேரத்துக்குப் பெரிய அளவிலான சரக்கு நேராக அடிப்பக்கத்துக்கே போய்க் கொட்டப்படுகிறது.

ஏற்பியின் வால்பகுதியில் முகவரி எழுதப்பட்டிருக்கிறது என்பதை நிறுவிய வரலாறு ஒன்று உண்டு. டல்லஸ் நகரில் பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள், சிறுவயதிலேயே கொலஸ்ட்ரால் மிகையாகி மாரடைப்பு வரும் பரம்பரை நோயை ஆராய்ந்தார்கள். கொலஸ்ட்ராலைச் சுமந்துவரும் எல்.டி.எல். துகளின் விட்டம் சுமார் 22 நானோமீட்டர். ஒரு துகளுக்குள் ஏறத்தாழ 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள் அடைந்திருக்கும். செல்களை 4 டிகிரி செல்சியஸில் வைத்து எல்.டி.எல். கொடுத்தால், அது பரப்பில் ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். நோயாளிகளில் பெரும்பாலோரின் செல்களில் ஏற்பியே இல்லை, அல்லது இருந்தும் எல்.டி.எல்.-ஐப் பிடிப்பதில்லை. ஒரு நோயாளியின் செல்கள் மட்டும் விசித்திரமாக நடந்துகொண்டன. எல்.டி.எல். நன்றாகவே ஒட்டியது, ஆனால் உள்ளே போகவில்லை. காரணத்தைத் தேடிப் போனபோது, ஏற்பியின் சைட்டோபிளாச வாலில் 807-ஆவது இடத்தில் டைரோசினுக்குப் பதில் சிஸ்டீன் அமர்ந்திருப்பது தெரிந்தது. எண்ணூற்று முப்பத்தொன்பது அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று மாறியதால், கிளாத்ரின் குழிக்குள் அந்த ஏற்பியைச் சேர்த்துப் பிடிக்கும் இணைப்புப் புரதங்களுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. துகளைப் பிடிக்கும் கை வெளியே சரியாக இருந்தும், உள்ளே நீட்டியிருந்த முகவரி கிழிந்துபோயிருந்தது. இவ்விருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நலமான ஏற்பி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய்த் துகளை இறக்கிவிட்டு வெறுங்கையோடு மேலே வரும். துகள் லைசோசோமுக்குப் போகும், ஏற்பி போகாது. ஒரே பையிலிருந்து இரண்டும் பிரிவது அங்கே உண்டாகும் அமிலத்தால்தான்.

இன்சுலினைப் பற்றி: வயிறும் கணைய நொதிகளும் அதை முதலிலேயே வெட்டிவிடுகின்றன. தப்பித்ததைப் பெரியவர்களின் குடற்செல்கள் மிகக் குறைவாகவே பருகும், பருகியதில் பெரும்பகுதி லைசோசோமுக்குத்தான் போகும். அதனால்தான் ஊசி.


மறுமொழி 4: இழைபிரிப்பவள்

விளக்கங்கள் அருமை. ஆனால் நுண்ணோக்கி அவர்களின் முதல் மறுமொழியில் "தாண்டுவதே இல்லை" என்று இருப்பதை அப்படியே கரும்பலகையில் எழுதிவிட வேண்டாம் என்று மாலைவகுப்பு அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குடற்செல்லைப் பொறுத்தவரை அது சரி. பெரிய மூலக்கூறுகள் எந்தச் சவ்வையும் எப்போதும் தாண்டுவதில்லை என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டால் அது பிழை.

இதே எதிர்ப்பொருளையே எடுத்துக்கொள்வோம். பசுவின் உடலில் அதைத் தயாரித்தது ஒரு பிளாஸ்மா செல். அந்தச் செல் நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருள்களை வெளியே தள்ளக்கூடியது. தள்ளுவது எக்சோசைட்டோசிஸ்தான், பை வெளிச்சவ்வோடு இணைந்து திறக்கிறது. ஆனால் எதிர்ப்பொருள் அந்தப் பைக்குள் முதன்முதலில் எப்படி வந்தது? ரைபோசோம் இருப்பது சைட்டோபிளாசத்தில், பையின் உட்புறமோ நீங்களே சொன்னபடி வெளியிடம். எங்கோ ஓர் இடத்தில் ஒரு சவ்வை மெய்யாகவே ஊடுருவியாக வேண்டும். அந்த இடம் செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலையான எண்டோபிளாச வலைப்பின்னல்.

அங்கே நடப்பது இதுதான். ரைபோசோம் புரதத்தைக் கோக்கத் தொடங்கியதும் முதலில் வெளிவரும் இருபது, முப்பது அமினோ அமிலங்கள் ஓர் அடையாளச் சீட்டாக இருக்கின்றன. அந்தச் சீட்டைக் கண்டுகொள்ளும் துகள் ஒன்று ரைபோசோமையே இழுத்துச் சென்று சவ்விலுள்ள செக்61 என்ற வாய்க்காலோடு பொருத்துகிறது. புரதச் சங்கிலி மடிந்து உருண்டை ஆவதற்கு முன்பே, கோக்கப்படும்போதே, நூலாக அந்த வாய்க்காலுக்குள் நுழைகிறது. ஊசிக்காதில் நூல் போகும், நூற்கண்டு போகாது. வாய்க்காலின் மிகக் குறுகிய இடம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அந்த வளையம் நுழையும் நூலைச் சுற்றிக் கவ்விக்கொள்வதால் அயனிகள் கசிவதில்லை. மறுபக்கம் போன பிறகுதான் சங்கிலி மடிகிறது. எதிர்ப்பொருளின் கனச் சங்கிலிகள் இரண்டும் இலேசான சங்கிலிகள் இரண்டும் இப்படித் தனித்தனியே நுழைந்து, உள்ளேதான் ஒன்று சேர்கின்றன. அடையாளச் சீட்டைப் பற்றிய இந்தக் கருத்துக்காக 1999-இல் நோபல் பரிசு பெற்றவர் குந்தர் புளோபெல்.

ஆகவே துல்லியமாகச் சொன்னால், சீம்பாலில் இருக்கும் எதிர்ப்பொருள் தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை சவ்வை ஊடுருவியிருக்கிறது, அதுவும் அது எதிர்ப்பொருளாக உருப்பெறுவதற்கு முன்பு. அதற்குப் பின் மடியிலும் குடலிலும் நடந்தவையெல்லாம் பைப் பயணம்.

மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் பெரும்பாலானவை சைட்டோபிளாசத்தில் தயாராகி இப்படி நூலாகவே உள்ளே நுழைகின்றன. பெராக்சிசோம் மட்டும் ஓர் அடங்காப்பிள்ளை: மடிந்து முடிந்த முழுப் புரதத்தையே உள்ளே எடுத்துக்கொள்ளும். உட்கருத் துளையை இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். அங்கே இரண்டு சவ்வுகளும் ஒன்றாகத் திரும்பி ஒரு துளையாகிவிடுகின்றன. புரதம் துளை வழியே போகிறதே ஒழிய, சவ்வை ஊடுருவுவதில்லை.

பைக்குள் இருந்துகொண்டே பையைத் துளைத்து வெளியேறும் கள்ளர்களும் உண்டு. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நச்சு அதற்குப் பேர்போனது. அது செல்லின் ஓர் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு எண்டோசைட்டோசிஸில் உள்ளே வரும். பை அமிலமானதும் உருமாறிச் சவ்வில் செருகிக்கொண்டு, தன் ஒரு துண்டை நூலாக அவிழ்த்துச் சைட்டோபிளாசத்துக்குள் விட்டுவிடும். அந்தத் துண்டு ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலும் புரத உற்பத்தியை நிறுத்திச் செல்லைக் கொல்லப் போதுமானது. ஏற்பிக்கு உதவியாக வைத்த அமிலத்தையே நச்சு தனக்குச் சாவியாக்கிக்கொண்டது. கோவிட் தொற்றுக்கான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளிலும் தலைவலி இந்த இடத்தில்தான். கொழுப்புத் துகளில் பொதிந்த ஆர்.என்.ஏ. செல்லுக்குள் எளிதாகப் போய்விடும், ஆனால் பையிலிருந்து ரைபோசோம் இருக்கும் சைட்டோபிளாசத்துக்கு வெளியேறுவது அதில் ஒரு சிறு பங்குதான். மீதி லைசோசோமில் வீணாகிறது.


மறுமொழி 5: நுண்ணோக்கி

இழைபிரிப்பவள் அம்மையாரின் திருத்தத்தை முழுமையாக ஏற்கிறேன். குடற்செல்லை மனத்தில் வைத்துக்கொண்டு பொதுவிதி போல எழுதிவிட்டேன். என் முதல் மறுமொழியின் அந்த வரியை "குடற்செல்லில் தாண்டுவதில்லை" என்று படித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்பையை வகுப்புக்குக் கொண்டுபோகும் மாலைவகுப்பு அவர்களுக்கு ஒரு சிறு யோசனை. கொட்டைகளைக் கட்டிக்கொண்டே போனால் பையின் துணி சுருங்கிக்கொண்டே வருவதை மாணவர்கள் கவனிப்பார்கள், கேட்கவும் கேட்பார்கள். நுண்ணுயிர்களை விழுங்கும் நம் மேக்ரோபேஜ் செல் அரைமணி நேரத்துக்குள் தன் முழுப் பரப்புக்குச் சமமான சவ்வை உள்ளே இழுத்துவிடுகிறது. ஆனாலும் அது சுருங்குவதில்லை, ஏனென்றால் அதே அளவு சவ்வு எக்சோசைட்டோசிஸில் மேலே திரும்பி வருகிறது. அதைக் காட்டுவதற்கு, கட்டிய முடிச்சு ஒன்றைப் பையின் மறுபக்கத்துக்கு நகர்த்தி அவிழ்க்க முயன்று பார்த்தேன். துணியில் அது வரவில்லை. அந்தப் பாதிக்குச் சோப்புக் குமிழிகள்தான் கைகொடுத்தன: தட்டில் இரண்டு குமிழிகளை ஒட்டவைத்து, நடுச்சவ்வு மட்டும் உடைந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.